ஸ்னோபோர்டின் அடிக்கு எந்த பிரஷ்? மெழுகு மேசையிலிருந்து ஒரு குறிப்பு

ஸ்னோபோர்டு என்பது பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகை. நன்றாக வழுக்க அதன் அடியில் மெழுகை இஸ்திரியால் உருக்கித் தடவி, ஆறியதும் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்ப்போம். ஈரப்பனியில் என் பலகை இழுத்துப் பிடிப்பது ஒருவழியாகத் தீர்ந்தது. மெழுகை மாற்றவில்லை, இஸ்திரிச் சூட்டை மாற்றவில்லை. மாற்றியது பிரஷ் மட்டும்தான். மெழுகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், சுரண்டி முடித்ததும் கையில் எதை எடுப்பது என்று கேட்டால் "ஒரு நைலான் பிரஷ் போதும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில்தான் என் சிக்கலே ஒளிந்திருந்தது.

பலகையைப் பற்றிக் கொஞ்சம். 156 செ.மீ. நீளம், இடுப்பில், அதாவது நடுவே ஒடுங்கிய இடத்தில், ஏறக்குறைய 25 செ.மீ. அகலம். அடி சின்டர்டு வகை. பாலிஎத்திலீன் பொடியை அழுத்திச் சூடாக்கிக் கட்டியாக்கி, அதிலிருந்து சீவி எடுத்த தகடு. உருக்கிப் பிழிந்து செய்யும் எக்ஸ்ட்ரூடட் அடியைவிட இது மெழுகை அதிகம் குடிக்கும். கவனிக்காமல் விட்டால் சீக்கிரமே வறண்டும் போகும். அந்த அடியில் கல் சக்கரத்தில் அரைத்துப் பதித்த நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. பலகைக்கும் பனிக்கும் நடுவே உண்டாகிற தண்ணீர்ப் படலத்தை உடைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. பள்ளம் அடைபட்டால் ஈரத் தரையில் வைத்த கண்ணாடித் தகடு மாதிரி பலகை ஒட்டிக்கொள்ளும். தியரி இவ்வளவு போதும்.

மெழுகுப் பெட்டியோடு வந்தது ஒரு நைலான் பிரஷ். சுரண்டிவிட்டு அதால் தேய்த்தால் அடி கறுப்பாகப் பளபளக்கும், முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பைப் பார்த்து வேலை முடிந்தது என்று எடுத்து வைத்துவிடுவேன். காய்ந்த குளிர்ப்பனியில் ஒரு குறையும் தெரியவில்லை. வெயில் ஏறிப் பனி நனைந்ததும், சரிவு குறைந்த இடங்களில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் விழும்.

பலகையை மேசையில் கவிழ்த்து, அறை விளக்கை அணைத்து, சின்ன டார்ச் ஒன்றை அடியோடு அடியாகப் படுக்கவைத்துப் பார்த்தேன். முனைப்பக்கமும் வால்பக்கமும் வரிகள் மங்கலாகவாவது தெரிந்தன. காலணியைப் பலகையில் பூட்டும் பிடிகளான இரண்டு பைண்டிங்குக்கும் நடுவே ஒன்றுமே தெரியவில்லை, வழவழவென்று ஒரே பரப்பு. வரியின் போக்கிலேயே கட்டைவிரல் நகத்தை லேசாக ஓட்டினால் நகத்தடியில் வெள்ளையாக ஒரு சுருள் மெழுகு வந்தது. நைலான் முடி மெழுகின் மேல்பரப்பைத்தான் மினுக்கியிருந்தது. பள்ளத்தின் அடிவரை அது இறங்கவே இல்லை. அந்த டார்ச்சும் நகமும்தான் பிறகு ஒவ்வொரு பிரஷ்ஷையும் சோதிக்க எனக்குக் கிடைத்த அளவுகோல்கள்.

பள்ளத்துக்குள் இறங்க உலோகக் கம்பி வேண்டும் என்பது தெளிவு. எந்த உலோகம் என்பதில்தான் சுற்றியடித்தேன். முதலில் கைக்குக் கிடைத்தது துரு சுரண்டும் சாதாரணக் கம்பி பிரஷ். நல்லவேளை, அதை ஓட்டியது கழித்துப்போட்ட ஒரு பழைய பலகையில். இரண்டே இழுப்பில் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். கீறலின் இரு ஓரத்திலும் பிளாஸ்டிக் பஞ்சு போலச் சிலிர்த்து எழுந்து நின்றது. கம்பி தடிமன், விறைப்பு, நுனி வெட்டிய முனையோடு கூர்மை. மூன்றுமே அடிக்கு ஆகாது. மெழுகுக்கென்று வருகிற எஃகு பிரஷ்ஷில் கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனாக இருக்கும், தொட்டால் வளையும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய.

கடைசியில் தேர்வு மூன்றுக்குள் வந்தது: பித்தளை, வெண்கலம், மெல்லிய எஃகு.

பித்தளை மென்மையானது. முதல் உலோக பிரஷ்ஷாக வாங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். அழுத்தம் கொஞ்சம் கூடிப்போனாலும் அடியைக் கெடுக்காது. வெண்கலத்தில் விறைப்பு ஒரு படி அதிகம், ஆழமான வரிகளில் பித்தளையைவிட நன்றாகத் தோண்டும். மெல்லிய எஃகுதான் மூன்றிலும் சுத்தமான வேலை செய்வது. குறிப்பாகக் கடுங்குளிருக்கான கெட்டி மெழுகில், மற்ற இரண்டும் மேலே வழுக்கிப் போகிற இடத்தில், எஃகு இழுக்கும்போதே மெழுகுத் தூள் பறக்கும். ஆனால் விலையும் அதற்குத்தான் அதிகம், கை அழுத்தத்திலும் நிதானம் வேண்டும். ஓட்டுவது ஒரே பலகை, போவது பெரும்பாலும் மிதமான குளிருக்கு என்றால் எஃகு தேவையே இல்லை. நான் வெண்கலத்தில் நின்றேன்.

ஒரே உலோகம் என்று எழுதியிருந்தாலும் பிரஷ்ஷுக்கு பிரஷ் கம்பி வேறு மாதிரி இருக்கிறது. அதனால் பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதே மேல். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் வைத்து அழுத்தினால் குத்தல் தெரியலாம், கீறல் விழக்கூடாது. விரலால் ஒரு வரிசைக் கம்பியைச் சாய்த்துவிட்டால் அது உடனே எழுந்து நிற்க வேண்டும். சாய்ந்தபடியே கிடந்தால் அந்த பிரஷ் சீக்கிரம் படுத்துவிடும். பிறகு கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டியிருக்கிறதா என்று தெரியும். ஒரு கற்றை மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஒரு கற்றைதான் அடியைத் தொடும், மற்றதெல்லாம் சும்மா கூட வரும். கற்றைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மெழுகுத் தூள் போய்ச் சேர இடம் வேண்டுமே.

வடிவத்தில் இரண்டு வகை. செவ்வகக் கட்டையாகப் பிடித்து ஓட்டுவது ஒன்று. கைப்பட்டையோடு நீள்வட்டமாக, உள்ளங்கையில் மாட்டிக்கொள்வது இன்னொன்று. ஸ்கீயின் ஒடுங்கிய அடிக்குச் சின்னக் கட்டையே தாராளம். ஸ்னோபோர்டில் 25 செ.மீ. அகலத்தைக் கடக்க வேண்டும். ஏழு செ.மீ. அகல பிரஷ் என்றால் முனையிலிருந்து வால்வரை நாலு தடம் போக வேண்டும், ஒவ்வொரு தடத்திலும் பத்துப் பதினைந்து இழுப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நீள்வட்டத்தின் அருமை புரிந்தது. உடம்பின் பாரத்தையே அதன்மேல் சாய்க்கலாம், விரல்கள் கட்டையை இறுக்கிப் பிடித்து மரத்துப்போகாது. கட்டை பிரஷ்ஷை இனி பைண்டிங் நடுப்பகுதி போன்ற துண்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உலோகம் கையில் வந்ததும் வேலையின் வரிசையும் மாறியது. மெழுகுக்கு முன்பே பிரஷ் போட வேண்டும் என்பது எனக்கு வெகு நாள் உறைக்கவே இல்லை. பழைய மெழுகும் அழுக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க, அதன்மேல் புது மெழுகை உருக்கினால் அழுக்கையும் சேர்த்து அடைத்து மூடுகிறோம் என்று அர்த்தம்.

இப்போது நான் செய்கிற முறை இது. பைண்டிங்கைக் கழற்றிவிடுவேன், கழற்ற நேரமில்லை என்றால் திருகுகளையாவது தளர்த்திவிடுவேன். இறுக்கிய திருகோடு சூடு வைத்தால் அந்த இடங்களில் அடி உள்வாங்கிக் குழி விழும். அடுத்து அழுக்குக்கென்று ஒதுக்கிய பழைய பித்தளை பிரஷ்ஷால் முனையிலிருந்து வாலுக்குப் பத்து இழுப்பு. பிரஷ் சாம்பல் நிறமாக அழுக்கைக் கக்கும். அழுக்கு அதிகமாக இருந்தால் மென்மையான மெழுகை உருக்கித் தடவி, அது இறுகுவதற்குள்ளேயே சுரண்டிவிடுவேன். அழுக்கு மெழுகோடு வந்துவிடும். கரைப்பான் ஊற்றித் துடைப்பதைவிட இதுவே அடிக்கு நல்லது. கரைப்பான் பள்ளத்தில் இருந்த நல்ல மெழுகையும் உறிஞ்சிக்கொண்டு போய் அடியை வறட்டிவிடுகிறது.

பிறகு உண்மையான மெழுகு. பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டுக்கு இஸ்திரியை வைத்துக்கொள்ள வேண்டும்; சாதாரண மெழுகுகளுக்கு 120 முதல் 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். பாலிஎத்திலீன் அடி ஏறக்குறைய 135 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும் என்பதால் இஸ்திரி ஓர் இடத்தில் நிற்கவே கூடாது. புகை வந்தால் சூடு அதிகம். இஸ்திரிக்குப் பின்னால் ஈரமாக மினுங்கும் மெழுகுத் தடம் ஒரு சாண் நீளம் தொடர்ந்து வந்தால் வேகம் சரி. துணி தேய்க்கும் பெட்டியை இதற்கு எடுக்க வேண்டாம். நீராவித் துளைகளில் மெழுகு போய்ச் சேரும், சூடும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மெழுகு ஆற அரை மணியாவது விட வேண்டும். அவசரப்பட்டு வெதுவெதுப்பில் சுரண்டினால் பள்ளத்திலிருந்த மெழுகும் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கென்று பலகையைப் பனியில் கொண்டுபோய்ப் போட்டுக் குளிரவைக்கவும் வேண்டாம். அறைச் சூட்டிலேயே ஆறட்டும்.

சுரண்டுவது பிளாஸ்டிக் தகட்டால். தகட்டின் மூலையில் இருக்கும் வெட்டால் முதலில் இரும்பு விளிம்புகளில் வழிந்த மெழுகை எடுத்துவிட வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் பிரஷ்ஷின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. விளிம்பில் கட்டியாக மெழுகு இருந்தால் பிரஷ் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க அழுத்தினால் கம்பி நுனிகள் இரும்பில் உரசி வளையும். தகடும் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய தகட்டால் மெழுகைப் பாதியில் விட்டுவிட்டு, "பிரஷ் பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்தால் கை போய்விடும். நன்றாகச் சுரண்டிய அடியில் விரல் நகம் வைத்தால் மேற்பரப்பில் ஒன்றும் வரக்கூடாது. பிரஷ்ஷின் வேலை பள்ளத்துக்குள் மட்டும்தான்.

இனி பிரஷ் வரிசை. முதலில் வெண்கலம், முனையிலிருந்து வாலுக்கு. முதல் சில இழுப்பில் வெள்ளைத் தூள் கொத்தாக வரும், பிறகு மாவு மாதிரி, பிறகு வெறும் தூசி. தூசி என்ற நிலை வந்ததும் நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்து டார்ச் பிடித்துப் பார்த்தால், என் பலகையின் நடுவில் வெகுகாலம் காணாமல் போயிருந்த வரிகள் நேராகப் பளிச்சென்று தெரிந்தன. வெண்கலம் ஒன்றிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்தது குதிரைமுடி. இதைத்தான் நான் வீண் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். உலோகத்துக்கும் நைலானுக்கும் நடுவே என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்ற எண்ணம். இரவல் வாங்கி பலகையின் இடப்பாதியில் மட்டும் ஓட்டி, வலப்பாதியை வெண்கலத்தோடு விட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து இன்னும் ஒரு அடுக்குத் தூள் வந்தது, உலோகம் எழுப்பி விட்டுவிட்டுப் போன மிக நுண்ணிய தூள். குதிரைமுடியின் நுனி வெண்கலக் கம்பியைவிட மென்மையானது, வளைந்து வளைந்து பள்ளத்தின் ஓரங்களைத் துழாவுகிறது. தொடும்போதும் இடப்பக்கம் பட்டு மாதிரி, வலப்பக்கம் லேசான பிசுக்கு. அப்போதே வாங்கிவிட்டேன். இதில் பார்க்க வேண்டியது முடியின் அடர்த்தி. விரலால் பிரித்தால் அடிக்கட்டை எளிதில் கண்ணில் படக்கூடாது. முடி ரொம்ப நீளமாக இருந்தால் தொளதொளவென்று மடங்கும்.

கடைசியில் மெல்லிய நைலான். ஆரம்பத்தில் முழு வேலையையும் தலையில் கட்டிய அதே நைலானுக்கு இப்போது கடைசி மினுக்கல் மட்டும். அழுத்தம் வேண்டாம், வேகமான குட்டைக் குட்டை இழுப்பு. நைலானைத் தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம் உண்டாகித் தூள் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் இடையிடையே துடைத்துக்கொள்ள வேண்டும், முடிவில் ஒரு தடவை பஞ்சில்லாத துணியால் துடைத்துவிட வேண்டும். விறைப்பான நைலான் என்று இன்னொரு வகை உண்டு. வெயிலில் நனைந்த பனிக்கான மென் மெழுகுக்கு உலோகத்தின் பின்னால் அது நன்றாகவே உதவும், கெட்டி மெழுகில் சுற்றி வருவதோடு சரி.

மெழுகின் கெட்டித்தன்மையைப் பொறுத்து முழு வரிசையும் நகரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மென் மெழுகு பிரஷ்ஷை அடைக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை தட்டி உதற வேண்டும். கெட்டி மெழுகு அடைக்காது, ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு வேண்டும், கையும் வலிக்கும்.

அந்தக் கைவலிக்குத்தான் டிரில்லில் மாட்டும் உருளை பிரஷ்ஷையும் ஓட்டிப் பார்த்தேன். வேகம் என்னவோ உண்மை. கையால் இருபது நிமிடம் ஆகிற குதிரைமுடி வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. ஆனால் டிரில்லை முழு வேகத்தில் விட்டு அழுத்தினால் உராய்வுச் சூட்டில் மெழுகு இளகிப் பள்ளத்தில் திரும்பப் பூசிக்கொள்கிறது. டார்ச் பிடித்துப் பார்த்தால் நைலான் காலத்து அதே வழவழப்பு! வேகத்தைக் குறைத்து, டிரில்லின் பாரத்தைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், நிற்காமல் நகர்த்தினால் சரியாக வருகிறது. மெழுகுத் தூள் அறை முழுக்கப் பறக்கும்; மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, உருளைக்கு மூடி மூன்றும் இல்லாமல் தொடவே வேண்டாம். மாதம் ஒரு பலகைக்கு மெழுகு போடுகிறவருக்கு இது தண்டம். வாரம் நாலைந்து பலகை கையில் வருகிறவர் வாங்கலாம், அதுவும் குதிரைமுடி உருளை. உலோக உருளை பழகாத கையில் அடியைத் தின்றுவிடும்.

செலவுக் கணக்கில் நைலான்தான் எப்போதும் மலிவு, மெல்லிய எஃகு உச்சம், பித்தளையும் குதிரைமுடியும் நடுவே. பணம் ஒரே ஒரு பிரஷ்ஷுக்குத்தான் இருக்கிறது என்றால் பித்தளையோ வெண்கலமோ வாங்குங்கள். இரண்டாவது குதிரைமுடி. நைலான் மூன்றாவது, பெட்டியோடு ஓசியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாதி பித்தளை, பாதி நைலான் என்று ஒரே கட்டையில் பொருத்திய இரட்டை பிரஷ்கள் பார்க்க லாபம் போலத் தெரியும். நைலான் பாதியை அழுத்தும்போது பித்தளைப் பாதியும் உரசும், அழுக்கெடுத்த பக்கம் மினுக்கும் பக்கத்தில் தூளைக் கொட்டும். நான் இரண்டாம் முறை வாங்க மாட்டேன்.

அழுக்கெடுக்கும் பிரஷ்ஷும் மெழுகுக்குப் பிறகு போடும் பிரஷ்ஷும் ஒன்றாகவே இருக்கலாமா என்பதில் என் பதில் உறுதியானது: கூடாது. சாம்பல் அழுக்கைச் சுமந்த கம்பியைப் புது மெழுகில் ஓட்டினால் எடுத்த அழுக்கையே திருப்பி வைக்கிறோம். இதற்காகவே பழைய பித்தளை பிரஷ் ஒன்றை அழுக்குக்கு என்று ஒதுக்கி, கட்டையின் முதுகில் அழியாத பேனாவால் "முன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வெண்கலத்தில் "பின்" என்று எழுதி, ஓட்டும் திசைக்கு ஓர் அம்பும் போட்டிருக்கிறேன். ஒரே திசையில் ஓட்டினால் கம்பிகள் அந்தப் பக்கம் லேசாகப் பழகிவிடுகின்றன. மாற்றிப் பிடித்தால் கைக்கே வித்தியாசம் தெரிகிறது.

பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்., 2023–24 பருவத்திலிருந்து ஃபுளோரின் கலந்த மெழுகுகளைத் தன் பந்தயங்களில் முழுமையாகத் தடை செய்து, அடியைக் கருவி வைத்துச் சோதிக்கிறது. பழைய ஃபுளோரோ மெழுகில் ஓடிய பிரஷ்ஷில் எச்சம் தங்கியிருந்தால் அது சுத்தமான பலகைக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பிரஷ்ஷைக் கழுவிப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கழித்துவிடுவதே நல்லது.

பராமரிப்பு எளிது. வேலை முடிந்ததும் இரண்டு பிரஷ்ஷின் முடியையும் எதிரெதிரே வைத்துச் சீவி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். உலோக பிரஷ்ஷில் மெழுகு இறுகிவிட்டால் மெழுகு நீக்கி நனைத்த துணியில் நுனியை மட்டும் ஓட்டலாம். மரக்கட்டை வைத்த பிரஷ்ஷைக் கரைப்பானில் ஊறப்போட்டால் கற்றைகள் தளர்ந்து உதிரும். குதிரைமுடிக்குக் கரைப்பான் வேண்டவே வேண்டாம். முடி கீழே இருக்கும்படி வைத்தால் பாரத்தில் சாய்ந்துவிடும்; மல்லாத்தி வைக்க வேண்டும், அல்லது ஆணியில் மாட்டலாம்.

ஒன்றை மட்டும் எந்த பிரஷ்ஷும் செய்யாது: தேய்ந்துபோன வரியைப் புதிதாகப் பதிக்காது. என்னிடமுள்ள இன்னொரு பழைய பலகையில் பைண்டிங்குக்கு நடுவே வெண்கலம், குதிரைமுடி எல்லாம் ஓட்டியும் டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. மெழுகு அடைக்கவில்லை, வரியே மிச்சமில்லை. அதற்குக் கல் சக்கரம்தான் வைத்தியம். அரைத்து வந்த பிறகு வரியின் ஓரங்களில் நுண்ணிய பஞ்சு நிற்கும். அதை எடுக்க மெல்லிய எஃகு பிரஷ் வாங்கலாமா, இருக்கும் வெண்கலத்தையே மெழுகுக்கு முன்னும் பின்னுமாகக் கூடுதலாக ஓட்டிச் சமாளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பருவம் முடியப்போவதால் இப்போதைக்கு அதில் மென் மெழுகைத் தடிப்பாக, விளிம்பையும் சேர்த்து மூடி, சுரண்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த பருவத்தில் சுரண்டி, அரைக்கக் கொடுத்து வாங்கிய பிறகு வெண்கலத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பேன். பஞ்சு போகவில்லை என்றால் எஃகு வாங்குவேன்.